மார்பக உள்வைப்பின் வகைகளும் தெரிவின் வரலாறும்: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக உள்வைப்பு அறுவை சிகிச்சையை இலவசமாக வழங்கும் பிரிவு தொடங்கப்பட்டது. அந்த அறிவிப்பு எழுப்பிய விவாதம் "அழகா, சிகிச்சையா" என்ற ஒற்றைக் கேள்வியில் அடங்கிவிட்டது. உள்வைப்புகளில் எவ்வகை, அதனை யார் தெரிவு செய்வது, பிந்தைய ஆண்டுகளின் பொறுப்பு யாருடையது என்னும் கேள்விகள் பின்தங்கின. உள்வைப்பு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. அவ்வரலாற்றை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளின் உழைக்கும் மக்களுக்குக் கிடைக்கும் மருத்துவ ஏற்பாடுகளோடு பொருத்திப் பார்க்கிறது. தெரிவு என்பது அறுவை அரங்கில் முடிந்துவிடும் செயலன்று, பல்லாண்டுக் கண்காணிப்பையும் உள்ளடக்கியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

குறிச்சொற்கள்: மார்பக உள்வைப்பு, சிலிக்கோன், மார்பக மீளுருவாக்கம், ஸ்டான்லி மருத்துவமனை, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, ஒப்புதல்.

1. முன்னுரை

தமிழகத்தின் பொது மருத்துவ வரலாறு பெரும்பாலும் தொற்றுநோய், மகப்பேறு, தடுப்பூசி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. உறுப்பிழந்தோருக்கு அவ்வுறுப்பின் வடிவத்தை மீட்டுத் தரும் சிகிச்சைகள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. அவற்றுள்ளும் மார்பகம் தொடர்பானவை மிகக் குறைவாகவே பேசப்பட்டன. இந்நிலையில் 2018 பிப்ரவரியில் அன்றைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் ஸ்டான்லி மருத்துவமனையில் இலவச உள்வைப்புச் சிகிச்சையைத் தொடங்கிவைத்ததும், அழகு சார்ந்த சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் எட்டாததாக இருக்க வேண்டும் என்று வினவியதும் நாடு கடந்தும் செய்தியாயின.

அறிவிப்பை வரவேற்றோர் அதனைச் சமத்துவத்தின் நீட்சி என்றனர். எதிர்த்தோர், உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கே நிதி போதாத சூழலில் இது கவர்ச்சித் திட்டம் என்றனர். இருதரப்பும் உள்வைப்பை ஒரே பொருளாகவே கருதின. உண்மையில் அது ஒரே பொருளன்று. நிரப்பும் பொருள், வடிவம், மேற்பரப்பு, உடலில் வைக்கப்படும் இடம் ஆகியவற்றால் அது பலவகைப்படும். ஒவ்வொரு வகையும் முந்தைய வகையின் குறையொன்றுக்கு மாற்றாகத் தோன்றியது. பின்னர்த் தனக்கே உரிய குறையொன்றை வெளிப்படுத்தியது. ஆகவே வகைகளின் வரலாற்றை அறியாமல் தெரிவைப் பற்றிப் பேச இயலாது.

2. சொல்லும் தயக்கமும்

பழந்தமிழ் இலக்கியத்தில் "முலை", "கொங்கை" ஆகிய சொற்கள் எவ்விதக் கூச்சமுமின்றிப் பயின்று வந்துள்ளன. கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்த நிகழ்வு சிலப்பதிகாரத்தின் உச்சமாகவே அமைந்துள்ளது. தற்காலப் பொதுவழக்கில் அச்சொற்கள் இடக்கராகக் கருதப்பட்டு விலக்கப்பட்டன. "மார்பகம்" என்ற சொல் மருத்துவத் தமிழிலும் இதழ்த் தமிழிலும் நிலைபெற்றது. அன்றாடப் பேச்சில் அதுவும் அரிதே. "நெஞ்சு", "மார்பு" எனப் பொதுவாகச் சுட்டுவதே பெரும்பாலான பெண்களின் வழக்கம்.

இவ்வழக்கிற்கு மருத்துவ விளைவும் உண்டு. நோயாளி தன் உடலுறுப்பைப் பெயர் சொல்லிக் குறிக்கத் தயங்கும்போது கட்டியைக் கண்ட நாளுக்கும் மருத்துவரிடம் செல்லும் நாளுக்கும் இடைவெளி நீள்கிறது. சிகிச்சைக்குப் பின் உறுப்பின் வடிவம் பற்றிய கவலையைச் சொல்வது அதனினும் கடினம். "உயிர் பிழைத்ததே போதும், இனி எதற்கு அழகு" என்னும் சொல்லைக் குடும்பத்தினரிடமிருந்து கேட்கும் பெண், தன் விருப்பத்தை வெளியிடாமலேயே விட்டுவிடுகிறாள். "இம்ப்ளாண்ட்" என்னும் ஆங்கிலச் சொல்லே மருத்துவமனை வழக்கில் நிற்பதற்கும் இத்தயக்கமே ஒரு காரணம். அயற்சொல் கூச்சத்தைக் குறைக்கிறது. ஆனால் பொருளையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. எதனால் ஆனது, எத்தனை ஆண்டு நிற்கும், எப்போது மாற்ற வேண்டும் என்னும் வினாக்கள் அச்சொல்லிலிருந்து எழுவதில்லை. இக்கட்டுரை "உள்வைப்பு" என்ற சொல்லைக் கையாள்கிறது.

3. உள்வைப்புக்கு முந்தைய முயற்சிகள்

மார்பகத்தின் வடிவத்தை மீட்கும் முயற்சிகளுள் முதலாவதாகப் பதிவானது 1895இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடந்தது. மார்பகக் கட்டியை அகற்றிய வின்சென்ட்ஸ் செர்னி, அதே பெண்ணின் இடுப்புப் பக்கத்திலிருந்த கொழுப்புக் கட்டி ஒன்றை எடுத்து அவ்விடத்தில் நிரப்பினார். அயற்பொருளின்றித் தன் உடலின் திசுவையே பயன்படுத்தும் வழி இவ்வாறு தொடங்கியது.

மற்றொரு வழி அயற்பொருளைச் செலுத்துவது. 1899இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி பாரஃபின் மெழுகை உடலில் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். அது மார்பகத்திற்கும் பயன்படுத்தப்பட்டது. மெழுகு இடம்பெயர்ந்து, கட்டிபட்டு, சீழ்ப்பிடித்ததால் அம்முறை கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் திரவச் சிலிக்கோனை நேரடியாக ஊசிவழிச் செலுத்தும் வழக்கம் பரவியது. 1950களில் பஞ்சு போன்ற செயற்கைப் பொருள்கள் உள்வைக்கப்பட்டன. அவை நாளடைவில் இறுகிச் சுருங்கின.

இவற்றிலிருந்து இரு பாடங்கள் கிடைத்தன. உடல் அயற்பொருளை வாளாவிருந்து ஏற்பதில்லை, அதனைச் சுற்றி ஓர் உறையைக் கட்டுகிறது என்பது ஒன்று. நிரப்பும் பொருளை உறையின்றி விட்டால் அது தங்குமிடம் நம் கையில் இல்லை என்பது மற்றொன்று. 1962இல் உருவான உள்வைப்பு இரண்டாவது பாடத்திற்கான விடை. முதலாவது பாடமோ இன்றளவும் தீராத சிக்கலாகவே தொடர்கிறது.

4. 1962 முதல் 2006 வரை: சிலிக்கோனும் உப்புநீரும்

1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் இரு மருத்துவர்கள் சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் கூழை அடைத்த உள்வைப்பை டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்குப் பொருத்தினர். டௌ கார்னிங் நிறுவனம் அதன் தயாரிப்பில் துணைநின்றது. லிண்ட்சே மார்பகத்திற்காக மருத்துவமனைக்குச் சென்றவரல்லர். பச்சை குத்தியதை அகற்றவே சென்றார். உள்வைப்புக்கு உடன்பட்டதற்கு ஈடாகத் தம் காதுகளைத் திருத்திக்கொள்ள வாய்ப்புப் பெற்றார். உள்வைப்பின் வரலாற்றில் முதல் தெரிவே பெண்ணின் விருப்பத்திலிருந்து அல்லாமல் மருத்துவரின் தேவையிலிருந்து எழுந்தது என்பது கருதத்தக்கது.

1960களின் நடுவில் ஃபிரான்சின் ஆன்றி அரியோன் உப்புநீர் நிரப்பும் உள்வைப்பை உருவாக்கினார். வெற்று உறையைச் சிறிய வெட்டின் வழியே செலுத்திப் பின்னர் நிரப்பலாம் என்பது அதன் சிறப்பு. இவ்வாறு சிலிக்கோன், உப்புநீர் என்னும் இருபெரும் பிரிவுகள் முதல் சில ஆண்டுகளிலேயே தோன்றிவிட்டன.

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் சட்டத் திருத்தம் 1976இல்தான் வந்தது. அதற்குள் உள்வைப்புகள் பதினான்கு ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தன. ஏற்கெனவே சந்தையில் இருந்தவை என்ற காரணத்தால் அவை பாதுகாப்புச் சான்று இன்றியே தொடர்ந்தன. 1970களில் மென்மையான தோற்றம் வேண்டி உறையும் கூழும் மெல்லியனவாக்கப்பட்டன. விளைவாகக் கசிவும் கிழிசலும் கூடின. 1980களில் கசிவைத் தடுக்க உறையில் கூடுதல் அடுக்கு சேர்க்கப்பட்டது. வழக்குகள் பெருகின. 1992இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சிலிக்கோன் உள்வைப்பின் பயன்பாட்டைப் புற்றுநோய்க்குப் பிந்தைய மீளுருவாக்கம் போன்ற சூழல்களுக்கும் கண்காணிக்கப்பட்ட ஆய்வுகளுக்கும் மட்டுமெனக் குறுக்கியது. 1995இல் டௌ கார்னிங் நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியது.

1999இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உள்வைப்புகள் உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களை விளைவிக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. கிழிசல், உறைச் சுருக்கம், மறு அறுவை ஆகிய உள்ளூர்ச் சிக்கல்களே முதன்மையானவை என்றும் சுட்டியது. 2000இல் உப்புநீர் உள்வைப்புகளும், 2006 நவம்பரில் சிலிக்கோன் உள்வைப்புகளும் முறையான ஒப்புதல் பெற்றன. அழகுசார்ந்த பயன்பாட்டிற்கு உப்புநீருக்கு 18, சிலிக்கோனுக்கு 22 என வயது வரம்பும் வகுக்கப்பட்டது. முதல் பொருத்தலுக்கும் சிலிக்கோனின் முறையான ஒப்புதலுக்கும் இடைப்பட்ட காலம் 44 ஆண்டுகள்.

5. தெரிவின் நான்கு கூறுகள்

உள்வைப்பைத் தெரிவு செய்வது நான்கு முடிவுகளின் தொகுப்பு. இவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவன.

முதலாவது நிரப்பும் பொருள். உப்புநீர் உள்வைப்பு கிழிந்தால் ஓரிரு நாளில் மார்பகம் தட்டையாகிவிடும். நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். பெண்ணே அதனை உடனே அறிவாள். ஆனால் தோல் மெலிந்தவர்களிடம் அது சுருக்கங்களைக் காட்டும், தொடுவுணர்வில் இயல்பாக இராது. சிலிக்கோன் கூழ் இயற்கைத் திசுவை ஒத்தது. ஆனால் அது கிழிந்தால் வெளியே எவ்வறிகுறியும் தோன்றாமல் இருக்கலாம். ஆதலால்தான் பொருத்திய மூன்றாம் ஆண்டிலும் பின்னர் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறையும் காந்த அதிர்வுப் படம் எடுக்கப் பரிந்துரைக்கப்பட்டது. 2020இல் அப்பரிந்துரை, அறிகுறியற்றோர்க்கு ஐந்து அல்லது ஆறாம் ஆண்டில் தொடங்கி இரண்டு அல்லது மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை காந்த அதிர்வுப் படமோ மீயொலிப் படமோ எடுக்கலாம் எனத் தளர்த்தப்பட்டது.

இரண்டாவது வடிவம். உருண்டை, நீர்த்துளி என இருவகை. குரோனினும் ஜெரோவும் பொருத்திய முதல் உள்வைப்பே நீர்த்துளி வடிவினதுதான். 1990களில் உருக்குலையாத கெட்டிக் கூழ் வந்த பின்னர் இவ்வடிவம் மீண்டும் செல்வாக்குப் பெற்றது. ஒரு பக்க மார்பகத்தை முழுவதும் இழந்த பெண்ணுக்கு மேற்புறம் சரிவாகவும் கீழ்ப்புறம் நிறைவாகவும் அமையும் இவ்வடிவம் பொருந்தும் எனக் கருதப்பட்டது. உருண்டை வடிவம் உள்ளே சுழன்றாலும் தோற்றம் மாறாது. நீர்த்துளி வடிவம் சுழன்றால் மார்பகமே கோணிவிடும்.

மூன்றாவது மேற்பரப்பு. உடல் கட்டும் உறை இறுகி உள்வைப்பை நெருக்குவதே உறைச் சுருக்கம். மார்பகம் கல்போல் இறுகுவதும் வலிப்பதும் அதன் விளைவுகள். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் நார்த்திசு ஒழுங்காக அடுக்கி இறுகாமல் தடுக்கலாம் என்ற கருத்தில் முதலில் பாலியூரித்தேன் நுரை பூசப்பட்டது. நுரை சிதைந்து வெளியிடும் வேதிப்பொருள் பற்றிய ஐயத்தால் அவ்வகை 1991இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர்ச் சிலிக்கோன் உறையையே சொரசொரப்பாக்கும் நுட்பம் வந்தது. நீர்த்துளி வடிவம் சுழலாமல் நிற்க இம்மேற்பரப்பு இன்றியமையாதது. ஆகவே அவ்வடிவத்தை விரும்பிய பெண் அறிந்தோ அறியாமலோ சொரசொரப்பான மேற்பரப்பையும் தெரிவு செய்தவளானாள்.

நான்காவது இடம். உள்வைப்பு மார்புத் தசையின் மேல் வைக்கப்படலாம், அடியிலும் வைக்கப்படலாம். அடியில் வைத்தால் விளிம்பு தெரியாது, ஊடுகதிர்ப் படத்தில் மார்பகத் திசுவைக் காண்பதும் எளிது. ஆனால் தசை அசையும்போது உள்வைப்பும் அசையும், தொடக்க நாள்களின் வலியும் கூடுதல். கையை உயர்த்திப் பாரம் தூக்கும் பணியில் இருப்போருக்கு இது சிறிய செய்தியன்று.

இந்நான்கிற்கும் முன்னே ஐந்தாவது வினா ஒன்று நிற்கிறது: உள்வைப்புதான் வேண்டுமா? முதுகுத் தசையையோ அடிவயிற்றுத் திசுவையோ கொண்டு மார்பகத்தை உருவாக்கலாம். 1982இல் கார்ல் ஹார்ட்ராம்ப் விளக்கிய அடிவயிற்றுத் தசைமடல் முறை இவ்வழியைப் பரவலாக்கியது. அறுவை நீண்டது, தழும்பு இரண்டிடத்தில் விழும். ஆனால் பத்தாண்டு கழித்து மாற்ற வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம் உள்வைப்பின் உறைச் சுருக்கம் மிகுதியாதலால் அவர்களுக்குத் தன் திசுவே ஏற்றதாகப் பலவேளைகளில் கருதப்படுகிறது. உள்ளாடைக்குள் வைக்கும் புறவைப்பும், எதுவும் செய்யாதிருப்பதும் மதிக்கத்தக்க தெரிவுகளே.

6. மோசடியும் திரும்பப் பெறலும்

சரியான வகையைத் தெரிந்தெடுப்பது மட்டும் போதாது என்பதை இரு நிகழ்வுகள் உணர்த்தின. 1991இல் ஜான்-குளோட் மாஸ் தொடங்கிய ஃபிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத் தரச் சிலிக்கோனுக்கு மாறாக மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010இல் வெளிப்பட்டது. அவை 65 நாடுகளுக்குச் சென்றிருந்தன. 2011 டிசம்பரில் ஃபிரான்சு அரசு அந்நாட்டின் ஏறத்தாழ 30,000 பெண்களுக்கு அவற்றை அகற்றிக்கொள்ளப் பரிந்துரைத்தது. 2013இல் மாஸுக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வகை, வடிவம், அளவு என அனைத்தையும் ஆய்ந்து தெரிந்தெடுத்த பெண்ணும் இம்மோசடியிலிருந்து தப்பியிருக்க இயலாது. தரக் கட்டுப்பாடு தனிமனிதத் தெரிவுக்கு அப்பாற்பட்டது.

மற்றொன்று சொரசொரப்பான மேற்பரப்போடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்றுநோய். 1997இல் முதல் நேர்வு மருத்துவ இதழில் பதிவானது. 2011இல் அமெரிக்க நிர்வாகம் இதுபற்றி முதல் எச்சரிக்கையை விடுத்தது. 2019 ஜூலையில் உலக அளவில் 573 நேர்வுகளும் 33 இறப்புகளும் பதிவாகியிருந்தன. அவற்றுள் 481 நேர்வுகள் அலர்கன் நிறுவனத்தின் உள்வைப்புகளோடு தொடர்புற்றவை. அந்நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இதே ஆண்டின் ஏப்ரலில் ஃபிரான்சு மிகுந்த சொரசொரப்புடைய வகைகளைத் தடைசெய்திருந்தது. ஒருகாலத்தில் மேம்பட்டதென முன்வைக்கப்பட்ட தெரிவு இவ்வாறு விலக்கப்பட்டது. வழவழப்பான உருண்டை வகையின் செல்வாக்கு மீண்டும் ஓங்கியது.

திரும்பப் பெறல் அறிவிக்கப்பட்டபோது அறிகுறியற்றோர் அவற்றை அகற்ற வேண்டியதில்லை, வீக்கமோ வலியோ தோன்றினால் மருத்துவரை அணுக வேண்டும் என அறிவுறுத்தப்பட்டது. இவ்வறிவுரை பயன்பட வேண்டுமாயின் தன் உடலில் இருப்பது எந்நிறுவனத்தின் எவ்வகை என்பதைப் பெண் அறிந்திருக்க வேண்டும். 2021 அக்டோபரில் அமெரிக்க நிர்வாகம், அறுவைக்கு முன் மருத்துவரும் நோயாளியும் வரிவரியாகப் படித்து ஒப்பமிட வேண்டிய சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கியது. உள்வைப்புகள் வாழ்நாள் முழுமைக்குமான பொருள்கள் அல்ல என்பது அதில் இடம்பெறும் செய்திகளுள் ஒன்று.

7. சென்னையின் மருத்துவப் பின்புலம்

சென்னையில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் அமைப்பார்ந்த வரலாறு முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்தோடு பிணைந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரே அவரை அப்பணிக்கு உந்தியது. 1955இல் அங்குச் சேர்ந்த வி. சாந்தா அதனைத் தேசிய அளவிலான மையமாக வளர்த்தார். 1980களின் தொடக்கத்தில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ் சென்னைக்கான மக்கள்தொகை சார்ந்த பதிவேடும் அங்கு உருப்பெற்றது. சென்னைப் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பின்தள்ளி மார்பகப் புற்றுநோய் முதலிடம் பெற்ற மாற்றத்தை அப்பதிவேட்டின் வழியாகவே அறிய முடிந்தது.

மறுபுறம், ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு, ஒட்டறுவைத் துறையாக விரிந்தது. ஆலை இயந்திரங்களில் கைவிரல்களை இழந்த தொழிலாளர்களுக்கு அப்பிரிவு புகலிடமாயிற்று. 2018 பிப்ரவரியில், இலவச உள்வைப்புச் சிகிச்சை தொடங்கப்பட்ட அதே மாதத்தில், அங்கே இரு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கை மாற்று அறுவையும் நிகழ்ந்தது. இரண்டையும் ஒப்புநோக்கினால் பொதுப்புத்தியின் வேறுபாடு விளங்கும். கையை மீட்பது சிகிச்சை என ஐயமின்றி ஏற்கப்பட்டது. மார்பகத்தை மீட்பது அழகு எனப்பட்டது. கை உழைக்கும் உறுப்பு, மார்பகம் காட்சிக்குரியது என்னும் கருத்தே இவ்வேறுபாட்டின் அடியில் உள்ளது.

சட்டமும் இக்கோட்டை வரைய முற்பட்டுள்ளது. 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் மருத்துவச் சேவைக்கு விலக்கு உண்டு, அழகு அறுவைக்கு இல்லை. ஆனால் பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடலமைப்பை மீட்கும் அறுவைக்கு விலக்கு உண்டு. தனியார் மருத்துவக் காப்பீட்டின் பொது விலக்குப் பிரிவும் அழகு அறுவையை ஒதுக்குகிறது. எனினும் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மீளுருவாக்கத்தை ஏற்கிறது. ஆக, புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவளின் உள்வைப்பு சிகிச்சை என்பது இந்தியச் சட்ட ஒழுங்கில் ஏற்கெனவே முடிந்த முடிபு. இரு மார்பகங்களும் பெரிதும் ஒவ்வாத அளவினவாய் வளர்ந்த இளம்பெண்ணின் நிலை வளர்ச்சிக் குறையின்பாற்படும். திருநங்கையரின் நிலை வேறு. 2008இல் நல வாரியம் கண்ட மாநிலம் தமிழகம். 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பாலின உறுதிப்பாட்டு அறுவை உள்ளிட்ட மருத்துவ வசதிகளை அரசின் கடமையாக்கியது. ஆயினும் "அழகு" என்ற ஒற்றைச் சொல் இம்மூவரையும் ஒரே கூட்டத்தில் நிறுத்திவிட்டது.

8. மேற்குப் புறநகர்: உழைப்பும் தொலைவும்

1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை, 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எனச் சென்னையின் மேற்கு விளிம்பு தொழில் நிலமாயிற்று. பூந்தமல்லி நெடுஞ்சாலை அதன் மற்றொரு அச்சு. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. ஆடைத் தைப்பகங்கள், பாகம் பொருத்தும் கூடங்கள், பொதிகட்டும் பிரிவுகள் ஆகியவற்றில் பெண்களின் உழைப்பு கணிசமானது.

இப்பகுதியில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. போரூரில் 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ ராமச்சந்திரா முதல் பூந்தமல்லிக்கு அப்பால் தண்டலம் வரை தனியார் மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக உள்ளன. அரசு உயர்சிகிச்சைக்கோ கீழ்ப்பாக்கத்திற்கோ சென்ட்ரலுக்கோ ஸ்டான்லிக்கோ செல்ல வேண்டும். ஆவடியிலிருந்து கடற்கரை செல்லும் புறநகர் இரயில் வண்ணாரப்பேட்டை, இராயபுரம் வழியே செல்வதால் ஸ்டான்லி எட்டாத தொலைவன்று. எனினும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட ஆலைப் பணியாளர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின்கீழ் வருகிறார். முறைசாராப் பணியாளருக்கு 2009இல் தொடங்கி 2012இல் மறுவடிவம் பெற்ற முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. இவ்விரண்டும் புற்றுநோய் அறுவைக்குத் துணைநிற்கும் ஏற்பாடுகள். ஆனால் அறுவை என்பது ஒரு நாள் நிகழ்வு, உள்வைப்போ பல்லாண்டு உறவு. மூன்றாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ எடுக்க வேண்டிய படம், வீக்கம் கண்டால் செய்ய வேண்டிய ஆய்வு, கிழிந்தால் மாற்ற வேண்டிய அறுவை ஆகியன அவ்வுறவின் செலவுகள். ஒப்பந்தப் பணியில் இருக்கும் பெண் ஆலை மாறும்போது காப்பீடும் மாறலாம், அற்றும் போகலாம். மார்பில் உள்ள பொருள் மாறுவதில்லை. ஆதலின் வசதியுள்ள பெண்ணுக்குச் சிறந்ததாகும் வகை, தொடர் கண்காணிப்புக்கு வழியற்ற பெண்ணுக்கும் சிறந்ததாக வேண்டுமென்பதில்லை. கிழிந்தால் உடனே தன்னை அறிவிக்கும் உப்புநீர் உள்வைப்போ, மாற்றத் தேவையற்ற தன் திசுவோ அவளுக்கு ஏற்றதாகலாம். பின்னதற்கு வேண்டிய நீண்ட ஓய்வுக்கு அவளது பணி இடந்தருமா என்பதும் கணக்கில் வரவேண்டும். இவை மருத்துவ வினாக்களாகவும் அதேவேளை கூலி, விடுப்பு, இரயில் ஆகியவை பற்றிய வினாக்களாகவும் உள்ளன.

9. ஒப்புதலும் பதிவும்

2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புதலின் இலக்கணத்தை வகுத்தது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்றுவழிகள், கணிசமான இடர்கள், மறுத்தால் நேர்வன ஆகியவற்றை நோயாளி அறிந்து தரும் இசைவே ஒப்புதல் என்பது அத்தீர்ப்பின் சாரம். "மாற்றுவழிகள்" என்ற சொல்லை உள்வைப்புக்குப் பொருத்தினால் மேற்கூறிய ஐந்து வினாக்களும் அதில் அடங்கும். அவற்றை நோயாளி அறியும் மொழியில் சொல்லாமல் பெறப்படும் கையொப்பம் வெறும் மைக்கோடே.

கருவிக் கட்டுப்பாட்டிலும் இந்தியா படிப்படியாக நகர்ந்துள்ளது. 2005 அக்டோபரில் உடலுக்குள் பொருத்தும் செயற்கை உறுப்புகள் உள்ளிட்ட சில கருவிகள் மருந்துச் சட்டத்தின்கீழ் கொணரப்பட்டன. 2015 ஜூலையில் கருவிகளால் நேரும் தீங்குகளைத் திரட்டும் தேசியத் திட்டம் தொடங்கியது. 2018 ஜனவரி முதல் நாளில் மருத்துவக் கருவிகள் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதாவது ஸ்டான்லி அறிவிப்புக்கு ஏழெட்டு வாரம் முன்பு. நெதர்லாந்து 2015 முதல் உள்வைப்புகளுக்கெனத் தேசியப் பதிவேடு பேணுகிறது. எப்பெண்ணின் உடலில் எவ்வகை உள்ளது என்பது அங்கே ஓர் ஏட்டில் உண்டு. புற்றுநோய்க்குப் பதிவேடு கண்டு, அதன் பயனையும் துய்த்த சென்னைக்கு இத்தகைய ஏட்டின் பொருள் புதிதன்று.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் அறியப்படுவன வருமாறு. உள்வைப்பின் ஒவ்வொரு வகையும் முந்தையதன் குறைக்கு விடையாக வந்தது. அதன் சொந்தக் குறை வெளிப்படப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆயின. எனவே "அண்மையது" என்பது "சிறந்தது" என்பதற்குச் சான்றாகாது. வடிவம், மேற்பரப்பு, நிரப்பும் பொருள், இடம் ஆகியவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் ஒன்றைத் தெரிவு செய்பவர் மற்றொன்றையும் அறியாமல் ஏற்க நேரிடும். அழகா சிகிச்சையா என்ற விவாதம், புற்றுநோய் மீண்ட பெண்ணைப் பொறுத்தவரை சட்டத்தால் முன்பே தீர்க்கப்பட்ட ஒன்று.

அரசு மருத்துவமனையில் உள்வைப்பு இலவசமாகக் கிடைப்பது ஏழைப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது. அதன் குறை திறந்ததில் இல்லை. கதவைக் கடந்தபின் செல்லும் வழியை விவாதம் கண்டுகொள்ளாததில் உள்ளது. வகையின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டை அவள் கையில் இருத்தல், ஐந்து வினாக்களையும் எளிய தமிழில் எழுதிய தாள் அறுவைக்கு முன்னரே அவளிடம் தரப்படுதல், அடுத்தடுத்த படங்களும் தேவைப்படின் அகற்றலும் அதே இலவசத்தின் பகுதியாதல் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அம்பத்தூரின் தையற்கூடத்துப் பெண் செய்வது தெரிவு எனப்படும். அவை இல்லாதவரை அது பிறர் தெரிந்தெடுத்ததை அவள் சுமப்பதாகவே அமையும்.